டீச்சரைக் கேளுங்கள்: அப்பா கடலில் இருக்கிறாரா, கடலுக்குள் இருக்கிறாரா?

ஆங்கில இலக்கணத்தில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்: ப்ரிபொசிஷன், அதாவது இன், ஆன், அட் மாதிரியான சின்னச் சொற்கள். தொண்டியில் இருந்து சாயல்குடி வரை கடற்கரை முழுக்க ஒரே காய்ச்சல்தான் போலிருக்கிறது. சரி, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. இந்தப் பத்திரிகையில் ஆங்கில எழுத்து அச்சிடுவதில்லை என்பதால் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் வாய்விட்டுப் படியுங்கள்.

டீச்சர், என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 'ப்ரிபொசிஷனுக்கு அடியில் கோடு போடு' என்று கேள்வி வந்தால், மனப்பாடம் செய்த பட்டியலில் உள்ள சொல்லைத் தேடிப் பிடித்துக் கோடு போடுகிறாள். பாதி தப்பாகிறது. நான் பத்தாவதோடு நின்றவள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
ஒரு தாய், தங்கச்சிமடம்

பத்தாவது தாராளமாகப் போதும் தங்கச்சி. முதலில் அந்தப் பட்டியலைத் தூக்கிப் பரண்மேல் போடுங்கள். அதில் உள்ள சொற்களில் பல வேறு வேலையும் பார்க்கும். சொல்லின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

படகை எப்படிக் கட்டுகிறோம்? கயிற்றின் ஒரு முனை படகில், மறுமுனை கரையில் அடித்த முளையில். ப்ரிபொசிஷன் அந்தக் கயிறு. அதற்கு முளை வேண்டும். முளை என்பது அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல். 'தி போட் இஸ் ஆன் தி சாண்ட்.' 'ஆன்' என்றதும் நிறுத்தி, 'எது மேல்?' என்று மகளிடம் கேளுங்கள். 'சாண்ட்', மணல். பதில் உடனே பின்னால் வந்துவிட்டதா? அப்படியானால் அது ப்ரிபொசிஷன்.

நம் தமிழில் இது தலைகீழ். மணல் என்று முதலில் சொல்லிவிட்டு 'மேல்' என்கிறோம். காலை என்ற பிறகு 'இல்' ஒட்டுகிறோம். நமக்கு வேற்றுமை உருபு பின்னால், அவர்களுக்கு முன்னால். பாடப்புத்தகத்தில் முன்னிடைச்சொல் என்று போடுவது அதனால்தான். உங்கள் மகளுக்கு வேற்றுமை உருபு ஏற்கெனவே தெரியும். புதிதாக எதுவும் படிக்க வேண்டாம், இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வாக்கியம் தருகிறேன், இருவரும் உட்கார்ந்து செய்யுங்கள். 'இன் தி மார்னிங் தி விமன் ஆஃப் அவர் வில்லேஜ் வாக் அலாங் தி ஷோர் வித் பாஸ்கெட்ஸ்.' காலையில் எங்கள் ஊரின் பெண்கள் கரையோரமாகக் கூடைகளோடு நடக்கிறார்கள். தமிழில் காலை'யில்', ஊர்'இன்', கரை'யோரமாக', கூடைகள்'ஓடு' என்று நான்கு இடத்தில் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலத்திலும் நான்கு: இன், ஆஃப், அலாங், வித். பிள்ளைகள் எப்போதும் கோட்டை விடுவது 'ஆஃப்'. சின்னச் சொல், கண்ணில் படாது. 31 வருடம் விடைத்தாள் திருத்திய கண் சொல்கிறது, முதலில் 'ஆஃப்' இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனை. முளையைப் பிடுங்கிவிட்டு அங்கே 'அவன்', 'அவர்கள்' போன்ற சொல்லைப் போட்டுப் பார்க்கலாம். 'வித் ஹிம்' என்று வரும், 'வித் ஹி' என்று வராது. 'ஃபார் தெம்' வரும், 'ஃபார் தே' வராது. 'பிகாஸ் ஆஃப்', 'இன் ஃப்ரன்ட் ஆஃப்' என்று இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டும் வரும். அதை ஒன்றாகவே எண்ணுங்கள்.

இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. கயிறு, முளை எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மேலே சொன்ன வாக்கியத்தில் மிஞ்சுவது 'தி விமன் வாக்'. யார் செய்கிறார், என்ன செய்கிறார் என்பது பளிச்சென்று தெரியும். 'தி ப்ரைஸ் ஆஃப் தி க்ராப்ஸ்' என்று வந்ததும் நண்டு பன்மையாயிற்றே என்று 'ஆர்' போடுகிற பிள்ளைகள் உண்டு. நண்டைக் கழற்றுங்கள். மிஞ்சுவது விலை. விலை ஒன்றுதான், அதனால் 'இஸ்'.

மிஸ், 'வி வென்ட் டு சீ', 'வி வான்டட் டு சீ', ரெண்டிலும் 'டு' இருக்கு. ரெண்டுமே ப்ரிபொசிஷன்தானே? எங்க சார் ஒண்ணுக்குத்தான் மார்க் போட்டார்.
பத்தாம் வகுப்பு மாணவன், ஏர்வாடி

உங்கள் சார் சரியாகத்தான் போட்டிருக்கிறார் தம்பி. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டு 'சீ'யும் ஒன்றாகத் தெரிகிறது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதல் 'சீ' கடல். 'டு' எங்கே என்று கேட்டால் 'கடலுக்கு'. பெயர்ச்சொல் கிடைத்தது, ப்ரிபொசிஷன். இரண்டாவது 'சீ' பார்ப்பது. 'பார்க்க' விரும்பினோம். அங்கே 'டு' வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்கிறது.

ஒரு பொல்லாத இடம் மட்டும் உண்டு. கடித முடிவில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்று எழுதுவோமே, அங்கே உள்ள 'டு' அசல் ப்ரிபொசிஷன். ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தாக வேண்டும் என்றால் அது 'இங்' வேஷம் கட்டிக்கொண்டுதான் வரும். ஆகவே 'லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் யூ'. பெரிய அதிகாரிகளின் கடிதத்திலேயே 'டு சீ யூ' என்று பார்த்திருக்கிறேன்.

'ஹி புல்ட் அப் தி ஆங்கர்' என்பதில் 'அப்' ப்ரிபொசிஷன் இல்லை என்கிறது கைடு. பின்னாலேயே ஆங்கர் என்ற பெயர்ச்சொல் இருக்கிறதே?
கல்லூரி மாணவி, கீழக்கரை

நல்ல பிடி. முதல் பதிலில் நான் சொன்ன சோதனையில் ஓட்டை இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். பக்கத்திலேயே இன்னொரு வாக்கியம் வையுங்கள். 'ஹி க்ளைம்ட் அப் தி மாஸ்ட்', பாய்மரத்தின் மேல் ஏறினான். இப்போது இரண்டிலும் 'அப்'பைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள். 'ஹி புல்ட் தி ஆங்கர் அப்': எந்தக் குறையும் இல்லை. 'ஹி க்ளைம்ட் தி மாஸ்ட் அப்': வாயில் கல் கடிக்கிறது. நகர மறுப்பது ப்ரிபொசிஷன், அது முளையோடு கட்டுண்டது. நகர்ந்து போவது வினையோடு சேர்ந்த சொல்.

நம்மிடமும் இது இருக்கிறது. 'நங்கூரத்தை இழுத்துப் போட்டான்' என்கிறோம், 'எழுதிப் போட்டான்' என்கிறோம். அந்தப் 'போட்டான்' கையால் எதையும் போடவில்லை. முந்திய வினைக்கு ஒரு முடிவு கொடுக்கிறது, அவ்வளவுதான். 'புல்ட் அப்', 'டர்ன்ட் ஆஃப்', 'புட் ஆன்' எல்லாம் அந்த வகையறா. ஆங்கரை எடுத்துவிட்டு 'இட்' போட்டால் சந்தேகமே இருக்காது. 'புல்ட் இட் அப்' என்றுதான் சொல்லியாக வேண்டும்.

'பிஃபோர்' ஒரு புத்தகத்தில் ப்ரிபொசிஷன், இன்னொன்றில் கன்ஜங்ஷன் (இணைப்புச்சொல்). எது சரி?
வாசகர், தேவிபட்டினம்

இரண்டும். 'பிஃபோர் தி சைக்ளோன்', புயலுக்கு முன்: பின்னால் வெறும் பெயர், ப்ரிபொசிஷன். 'பிஃபோர் தி சைக்ளோன் கேம்', புயல் வருவதற்கு முன்: பின்னால் முழு வாக்கியமே வந்துவிட்டது, கன்ஜங்ஷன். 'ஐ ஹாவ் சீன் இட் பிஃபோர்', முன்பே பார்த்திருக்கிறேன்: பின்னால் ஒன்றுமே இல்லை, அட்வெர்ப், நம் வினையடை. 'ஆஃப்டர்', 'சின்ஸ்' இரண்டும் இதே ஜாதி.

தமிழில் 'இல்' என்று ஒன்று போதும். ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என்று எதற்கு மூன்று? அதுவும் எங்கே எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
இல்லத்தரசி, இராமநாதபுரம்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது அக்கா.

நான் பாம்பனில் பிறந்தவள். அப்பா நாட்டுப்படகில் போனவர். ஆறாம் வகுப்பில் 'என் தந்தை' என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். நான் முதல் வரி எழுதினேன்: 'மை ஃபாதர் இஸ் இன் தி சீ.' அப்பா கடலில் இருக்கிறார். அன்றைக்கு உண்மையும் அதுதான். கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, போய் இரண்டு ராத்திரி ஆகியும் படகு திரும்பவில்லை. ஆசிரியர் என் நோட்டை வாங்கி வகுப்புக்கே உரக்கப் படித்தார். 'அப்ப உங்க அப்பா முங்கிட்டாரா?' என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. 'இன்' என்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். சரியான சொல் எது என்று எழுதவில்லை. நான் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்கு ஓடினேன்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு அப்பா வந்து சேர்ந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. நங்கூரம் பாரில், கடலடிப் பாறையில், மாட்டிக்கொண்டதாம். கயிற்றை அறுக்க மனசில்லாமல் தண்ணீருக்குள் இறங்கி அதைக் கழற்றியிருக்கிறார். ஆக, என் வாக்கியம் ஒரு அரைமணி நேரத்துக்கு இலக்கணச் சுத்தமாகவே இருந்திருக்கிறது!

அந்த வட்டத்துக்குள் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகு ஒரு அகராதியில்தான் கிடைத்தது. 'மை ஃபாதர் இஸ் அட் சீ.' நடுவில் 'தி'யும் கிடையாது. தொழிலுக்காகவோ பயணத்துக்காகவோ கடல்மேல் போயிருக்கிறார் என்று பொருள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்பதற்கு 'அட் ஸ்கூல்' சொல்வது மாதிரி. இடத்தை விட அங்கே நடக்கும் வேலைதான் அதில் முக்கியம். 'இன் தி சீ' என்றால் உடம்பு தண்ணீருக்குள். மீன், கடல்பாசி, அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போடுகிறவர்கள், நங்கூரம் கழற்றுகிற அப்பா, எல்லாம் 'இன்'. 'ஆன் தி சீ' என்றால் நீரின் மேற்பரப்பில், மிதக்கிற தெப்பம் மாதிரி. 'பை தி சீ' என்றால் கடலை ஒட்டி. என் வீடு இப்போது மண்டபத்தில், 'பை தி சீ'. தமிழில் முதல் மூன்றுக்கும் 'கடலில்' என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறோம். கேட்கிறவர்களுக்கு இடம் பொருள் தெரியும், குழப்பம் வராது. ஆங்கிலக்காரர்கள் அதைக் கயிற்றிலேயே முடிச்சுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள்.

இந்த மூன்றையும் படமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றி அடைத்திருந்தால் 'இன்'. மேலே ஒட்டியிருந்தால் 'ஆன்'. ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட்'. பெட்டிக்குள் 'இன்', சுவரில் மாட்டிய படம் 'ஆன்', பேருந்து நிற்கும் இடம் 'அட்'. ஊர் என்றால் 'இன் ராமேஸ்வரம்', அதையே தீவு என்று சொன்னால் 'ஆன் தி ஐலண்ட்'.

வண்டி வாகனத்தில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். ஆட்டோவுக்கு 'இன்', பஸ்ஸுக்கு 'ஆன்'. உட்கார மட்டும் இடம் உள்ளதற்கு 'இன்', எழுந்து நடக்க இடம் உள்ளதற்கு 'ஆன்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. சின்ன வத்தை என்றால் 'இன்'. ஆள் நடமாடத் தளம் உள்ள விசைப்படகு, கப்பல் என்றால் 'ஆன்'. சைக்கிளில் நடக்கவா முடியும் என்று கேட்காதீர்கள். அதன்மேல் ஏறி உட்காருகிறோம், அதனால் 'ஆன்'.

நான் ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். பாம்பன் பாலத்தைக் காட்டும்போது 'ஷிப் கோயிங் ஓவர் தி பிரிட்ஜ்' என்று ஒரு வடநாட்டுக் குடும்பத்திடம் சொன்னேன். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். என்ன தப்பு?
ஆட்டோ ஓட்டுநர், ராமேஸ்வரம்

கப்பலைப் பறக்க விட்டுவிட்டீர்கள் தம்பி. பாலத்துக்கு மேலே 'ஓவர்' போவது ரயில். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு என்று சொல்ல வேண்டுமானால் 'அக்ராஸ்'. 'தி ட்ரெய்ன் கோஸ் அக்ராஸ் தி பிரிட்ஜ்.'

கப்பலுக்கு எது என்பது எந்தப் பாலம் என்பதைப் பொறுத்தது. ப்ரிபொசிஷன் பாடம் நடத்த நம் பாம்பன் மாதிரி ஒரு கரும்பலகை கிடைக்காது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவே இரண்டு இரும்புக் கைகள் இருந்தன. ஆட்கள் நின்று நெம்பினால் இரண்டும் கும்பிட்ட கையைப் பிரித்த மாதிரி இருபுறமும் மேலே எழும்பும். கப்பல் அவற்றின் நடுவே போகும்: 'பிட்வீன் தி டூ ஆர்ம்ஸ்'. தலைக்கு மேலே வானம்தான், அதனால் அங்கே 'அண்டர்' பொருந்தாது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் வேறு ஜாதி. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மொத்தமாக, படுத்த வாக்கிலேயே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகிறது. கப்பல் அதன் கீழே நுழைகிறது: 'அண்டர் தி ஸ்பான்'. பக்கத்தில் 1988-ல் திறந்த சாலைப் பாலம் திறப்பதும் இல்லை, தூக்குவதும் இல்லை. எந்தப் படகானாலும் அதற்கு எப்போதும் 'அண்டர்'தான். அடுத்த முறை அந்த மாதிரி ஒரு பையன் ஏறினால், பழைய பாலத்தின் கதையையும் சொல்லி, எந்தப் பாலத்துக்கு எந்தச் சொல் என்று நீங்கள் கேளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் பற்றி வங்கிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும். 'சின்ஸ்', 'ஃபார்', 'பை', 'அன்டில்' எல்லாம் குழப்புகிறது.
விசைப்படகு வைத்திருப்பவரின் மகன், மண்டபம்

தடைக்காலத்தை வைத்தே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நாளைக் கூட்டிச் சொன்னால் 'ஃபார்': 'ஃபார் சிக்ஸ்டி ஒன் டேஸ்'. தொடங்கிய தேதியைச் சொல்லி, இன்னும் படகு கரையில்தான் கிடக்கிறது என்றால் 'சின்ஸ்': 'சின்ஸ் ஏப்ரல் ஃபிஃப்டீன்த்'. 'சின்ஸ் டூ மன்த்ஸ்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நம் மாவட்டத்தின் தேசியத் தவறு அது.

'அன்டில்' என்பது நம் 'வரை'. 'பை' என்பது நம் 'க்குள்'. ஜூன் 14 வரை படகு கரையில் நிற்கும், 'அன்டில்'. ஜூன் 14-க்குள் வலையைப் பழுது பார்த்து, எஞ்சின் வேலையை முடித்துவிட வேண்டும், 'பை'. ஜூன் 14-க்குள் கடன் தவணையைக் கட்டிவிடுவேன் என்று சொல்ல வந்து 'அன்டில்' போட்டால், அன்றுவரை கட்டிக்கொண்டே இருப்பேன் என்றாகிவிடும். வங்கி சந்தோஷப்படும்.

'டிஸ்கஸ் அபௌட்' தப்பு என்கிறார் எங்கள் மேலாளர். உண்மையா?
அலுவலக உதவியாளர், பரமக்குடி

உண்மைதான். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் நினைப்பதால் 'அபௌட்' தானாக வந்து ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் 'பற்றி' இருக்கிறது. 'அவனிடம் சொன்னேன்' என்ற நினைப்பில் 'டோல்ட் டு ஹிம்' வரும். வெறும் 'டோல்ட் ஹிம்' போதும். 'ரீச்ட் டு மதுரை'யும் அப்படித்தான், 'டு' வேண்டாம். கல்யாணத்துக்கு மட்டும் எதிர்ப்பக்கம் இடிக்கும். 'மேரீட் வித்' கிடையாது, 'மேரீட் டு'.

'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' இதில் 'அட்'டுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. முளை இல்லாமல் கயிறு எப்படி? வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்றும் படித்திருக்கிறேன்.
பயிற்சி ஆசிரியை, திருப்புல்லாணி

முளை இருக்கிறது, வாக்கியத்தின் தலைப்பக்கம் போய்விட்டது. அதுதான் 'வாட்'. கேள்வி வாக்கியத்தில் கேள்விச்சொல் முன்னால் ஓடும், ப்ரிபொசிஷன் பழைய இடத்திலேயே நின்றுவிடும். கயிறு கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். 'தி மேன் ஐ ஸ்போக் டு' என்பதில் 'டு'வின் முளை 'மேன்'. மாணவர்களைப் பதில் சொல்ல வையுங்கள். 'ஐ ஆம் லுக்கிங் அட் தி போட்' என்றதும் பெயர் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

முடிக்கக் கூடாது என்ற விதிக்கு வயது 350 ஆகிறது. 1672-ல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்திய பென் ஜான்சன் இப்படி முடித்திருக்கிறார் என்று குறை சொன்னார். பிறகு தன் எழுத்திலேயே அப்படி முடிந்த வாக்கியங்களை உட்கார்ந்து திருத்தினார். பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றும் இன்றும் 'அட்'டிலும் 'டு'விலும்தான் முடிக்கிறார்கள். தாராளமாக முடியுங்கள். உங்கள் மாணவர்கள் அப்படி எழுதினால் வட்டம் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், பக்கத்தில் சரியான சொல்லையும் எழுதிவிடுங்கள்.